களத்து மேட்டில் குடிநீர்

கன்னிப்பூ, கும்பப்பூ அறுவடைகளின்போது வடசேரியைச் சூழ்ந்த வயற்புறங்களில் கொட்டகையிட்டுத் தங்குவோர் தொகை, அறுவடை இயந்திரங்கள் வந்தபின் குறைந்துள்ளது. அடியோடு இல்லாமற் போகவில்லை. நகரத்திற்கு முக்கடல் அணையின் குழாய்நீர் உண்டு. களத்திலிருப்போர்க்குக் கால்வாயும் குளமுமே கைக்கெட்டுவன. 1906ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பெற்ற பேச்சிப்பாறை அணையின் நீர், வழியெல்லாம் குளியலும் துவையலும் கண்டே வயலை அடைகின்றது.

கலங்கிய நீரைத் தேற்றாங்கொட்டை தெளிவிக்கும். நம் முன்னோர் கண்ட நன்முறைதான். ஆயினும் கிருமியை அது கொல்லாது. வாந்திபேதிக் கிருமியை 1884இல் இராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவில் மக்கள் பயன்படுத்திய குளமொன்றிலேயே கண்டார்.

கொதிக்கவைத்து ஆற்றிய நீரே சிறந்தது. விறகு போதாதெனில் பிளீச்சிங் பவுடர் உதவும். நூல் வெளுக்கும் அங்கத்தினர்க்கு அதனை அறிமுகம் செய்யவேண்டுவதில்லை. திறந்து வைத்தால் வீரியம் போய்விடும் என்பதையும் அவர்கள் அறிவர். 1,000 லிட்டர் தொட்டிக்கு ஏறத்தாழ 4 கிராம் போதும். வாளி நீரிற் குழைத்துக் கரைத்து, சுண்ணாம்பு அடியிற் படிந்தபின் மேல்தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றிக் கலக்குக. கலங்கல் நீரில் இட்டால் வீரியம் அழுக்கிலேயே செலவாகும். ஆகவே தேற்றாங்கொட்டை முன், தூள் பின். ஒரு மணி நேரம் கழித்தே பருகுக.

மணம் பிடிக்கவில்லையென்று மீண்டும் கால்வாய்க்கே போவோர் உண்டு. அந்த மெல்லிய மணமே மருந்து இன்னும் நீரில் இருப்பதன் அடையாளம் என்று அவர்களிடம் முதல்நாளே சொல்லிவிடவேண்டும். பானைக்கு மூடியும், கைபடாது மொள்ள நீண்ட காம்புள்ள அகப்பையும் தேவை. இப்பணியைப் பலர் தலையில் கட்டாமல், களத்தில் ஒருவரிடமே ஒப்படைத்தல் நன்று.