சுண்டைக்காய் கால் பணம்: முதல் பழங்கார் வாங்குவோர் கவனத்திற்கு

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசடர் காரின் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. மும்பைச் சாலைகளின் அடையாளமாக விளங்கிய கறுப்பு மஞ்சள் பிரீமியர் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில் விடைபெற்றன. சாலையிலிருந்து மறைந்த பின்னர் இக்கார்களின் மீது மக்களுக்குள்ள பற்று கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. திருமண ஊர்வலத்தில் கண்ட அம்பாசடர், ஊர் மருத்துவர் ஓட்டிவந்த பியட், அன்றைய மதராஸில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு என இளமையில் கண்ட ஒன்றைச் சொந்தமாக்கிக்கொள்ள வேண்டும் என்னும் ஆவல், கையில் சிறிது சேமிப்புச் சேர்ந்தவுடன் பலருக்கும் எழுகிறது.

ஆவலில் தவறில்லை. ஆனால் முதன்முறையாக இத்துறையில் கால்வைப்போர் பெரும்பாலும் விலையை மட்டுமே பேசுகின்றனர். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது நம் பழமொழி. அது பழைய கார்களுக்கு முற்றிலும் பொருந்தும். குறைந்த விலைக்குக் கிடைக்கும் குறையுள்ள காரைவிட, கூடுதல் விலையிலும் ஆவணமும் உடலும் முழுமையாக உள்ள காரே இறுதிக் கணக்கில் மலிவானது. இதை மூன்று நிலைகளில் காண்போம்.

முதலில் ஆவணம்

காரைப் பார்ப்பதற்கு முன் ஆர்.சி. புத்தகத்தைப் பார்க்க வேண்டும். அதிலுள்ள சேஸிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் காரில் பொறிக்கப்பட்டவற்றுடன் ஒத்திருக்க வேண்டும். எஞ்சின் மாற்றப்பட்டிருந்தால் அம்மாற்றம் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும். தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் தகுதி ஆய்வுக்கு உட்படுத்தி ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பல ஆண்டுகள் புதுப்பிக்கப்படாத காரெனில், நிலுவை வரியையும் கட்டணங்களையும் யார் ஏற்பது என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் முடிவு செய்வது நலம். பதிவு இன்னும் பழைய கைப்பதிவேட்டிலேயே இருந்தால், அது வாகன் கணினித் தளத்தில் ஏறிய பின்னரே விலை பேசலாம்.

ஆர்.சி.யில் உள்ளவர் காலமாகியிருந்தால் வாரிசுகள் அனைவரின் இசைவும் தேவை. பிற மாநிலக் காரெனில் படிவம் 28 வழியே தடையின்மைச் சான்று பெற வேண்டும். பெயர் மாற்றத்திற்குப் படிவங்கள் 29, 30 உள்ளன. என்றோ அடைக்கப்பட்ட கடனின் பெயரில் வங்கியின் உரிமைப் பதிவு இன்னும் நீக்கப்படாமல் இருப்பதும் உண்டு. அதற்கு வங்கியின் சான்றும் படிவம் 35-உம் வேண்டும். டெல்லி தலைநகர்ப் பகுதியில் பழைய வாகனங்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உள்ளமையால், ஊர் மாற்றிப் பதிவு செய்யுமுன் அவ்வூர் விதிகளையும் அறிதல் வேண்டும்.

2021 ஜூலையில் மத்திய அரசு பாரம்பரிய வாகனங்களுக்கெனத் தனிப் பதிவு முறையை அறிவித்தது. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, பெருமளவு மாற்றப்படாத இருசக்கர, நான்குசக்கர வாகனங்களுக்கு இது பொருந்தும். எண்ணில் ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் இடம்பெறும். புதிய பதிவுக்குக் கட்டணம் ரூ.20,000, பத்தாண்டுகளுக்குப் பின் மறுபதிவுக்கு ரூ.5,000. இதில் பலர் கவனியாத நிபந்தனை ஒன்று உண்டு: இவ்வாறு பதிவான காரை அன்றாடப் பயணத்திற்கோ வணிகத்திற்கோ ஓட்டலாகாது. கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றிற்கே சாலையில் இறக்கலாம். ஞாயிறுதோறும் குடும்பத்துடன் உலா வர விரும்புவோர் இதனை எண்ணிப் பார்த்தே வழக்கமான பதிவா, இப்பதிவா என முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து உடல்

எஞ்சினின் ஓசையில் மயங்குவது புதியவர்களின் இயல்பு. உண்மையில் எஞ்சினைச் சீராக்குதல் எளிது. அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினையும் பத்மினியின் 1089 சி.சி. எஞ்சினையும் அறிந்த மெக்கானிக்குகள் இன்னும் உள்ளனர். துருவேறிய உடலைச் சீராக்குவதே பெருஞ்செலவு. அம்பாசடருக்கும் பத்மினிக்கும் தனிச் சட்டகம் கிடையாது. தரையும் கதவடிப் பட்டைகளும் துருப்பிடித்தால் காரின் வலிமையே குன்றும். ஹெரால்டுக்குத் தனிச் சட்டகம் உண்டு. அதன் பக்கவாட்டுக் கிளைகளைக் குனிந்து பார்க்க வேண்டும். மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தைத் தகட்டில் ஓட்டினால், அது ஒட்டாத இடத்தில் பட்டி பூசப்பட்டிருப்பது தெரிந்துவிடும். புதிதாகப் பளபளக்கும் வண்ணம் ஐயத்திற்கு உரியது.

எஞ்சினைச் சூடேற்றாமல் வைக்குமாறு விற்பவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளலாம். குளிர்ந்த நிலையில் எளிதில் உயிர்பெறுகிறதா, நீலப் புகை வருகிறதா என்பவை அப்போதுதான் தெரியும். கண்ணாடி, விளக்கு, முகப்புக் கம்பி வலை, மீட்டர், ரப்பர் பீடிங் ஆகியவை குறைவின்றி உள்ளனவா எனச் சரிபார்ப்பதும் இன்றியமையாதது. இவற்றைத் தேடிப் பெறுவது எஞ்சின் பாகங்களைப் பெறுவதினும் கடினமாகலாம். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்க வல்லது. ஆதலின் அவற்றை மாற்றும் செலவையும் முதலிலேயே கணக்கிற் சேர்த்திடல் வேண்டும்.

இறுதியாகப் பணம்

பழைய கார்களுக்கான கடன் திட்டங்களில் வாகனத்தின் வயதுக்கு வரம்பு இருப்பது வழக்கம். ஆகவே இத்தகைய கார் வாங்குவோர் தனிநபர் கடனை நாடுகின்றனர். அதன் வட்டி பொதுவாக வாகனக் கடனின் வட்டியை விட மிகுதி. பொழுதுபோக்குக்காக மாதத் தவணையைச் சுமப்பதை நாம் பரிந்துரைப்பதில்லை. ஓராண்டு, ஈராண்டு தொடர் வைப்பில் சேர்த்து வாங்குவதே சிறந்தது. அந்தக் காலத்தைப் பல கார்களைப் பார்ப்பதற்கும், கோயம்புத்தூரின் ஜி.டி. கார் அருங்காட்சியகம், ஹரியானாவின் தாவ்ருவில் உள்ள பாரம்பரியப் போக்குவரத்து அருங்காட்சியகம் போன்ற இடங்களில் கண்ணைப் பழக்குவதற்கும் பயன்படுத்தலாம்.

எடுத்துக்காட்டாக, கையில் ரூ.4 லட்சம் இருக்கிறதெனில் ரூ.2.5 லட்சத்திற்கு மேற்பட்ட காரைப் பார்க்க வேண்டாம். எஞ்சியது டிங்கரிங், டயர், பெயர் மாற்றம், காப்பீடு ஆகியவற்றுக்கானது. அந்த விலையில் முழுமையான கார் கிடைக்காவிடின், குறையுள்ளதை எடுப்பதினும் இன்னும் ஆறு மாதம் சேமிப்பது மேல். குடும்பத்தின் அவசரகால இருப்பையும் பிள்ளைகளின் கல்விச் சேமிப்பையும் இக்கணக்கில் சேர்க்கவே கூடாது. பணம் தீர்ந்ததால் பாதியில் நின்ற காரை வாங்கிய விலைக்கு விற்பதும் அரிது.

தொகையை வங்கிக் கணக்கின் வழியே செலுத்துவது வாங்குவோருக்குச் சான்று. ஒரு பரிவர்த்தனையில் ரூ.2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டமும் தடைசெய்கிறது. மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஐந்தாண்டுகளைக் கடந்த வாகனத்திற்குக் காப்பீட்டு மதிப்பை இரு தரப்பும் பேசி முடிவு செய்வதால், செலவு ரசீதுகளையும் ஒளிப்படங்களையும் பேணிவைத்தால் உரிய மதிப்பைக் கோரலாம்.

அவசரப்பட்டு வாங்கிய பழங்கார் கொட்டகையில் துருவேறிக் கிடக்கும். பொறுத்திருந்து வாங்கியது சாலையில் ஓடும். கணக்கைக் காகிதத்தில் எழுதி, வீட்டாருடன் கலந்து, அதன் பின்னரே விற்பவரின் வாசலுக்குச் செல்வோமாக.