சுழற்றி வடித்தல் (உலோக வேலை)

சுழற்றி வடித்தல் என்பது, வேகமாகச் சுழலும் வட்டமான உலோகத் தகட்டை ஓர் அச்சின் மீது சிறிது சிறிதாக அழுத்திப் படியவைத்து, கிண்ணம், கூம்பு, குவளை போன்ற உட்குழிந்த பொருட்களை உருவாக்கும் முறையாகும். பட்டறைகளில் இது ஸ்பின்னிங் எனப்படுகிறது. இதற்குக் கடைசல் இயந்திரம் (லேத்) பயன்படுகிறது. வழக்கமான கடைசலில் உளி பொருளைச் சீவி எடுக்கிறது. சுழற்றி வடித்தலில் எதுவும் சீவப்படுவதில்லை. தகட்டின் வடிவம் மட்டுமே மாறுகிறது. மரக் கடைசலைப் பொழுதுபோக்காகச் செய்வோர் தம்மிடமுள்ள இயந்திரத்திலேயே இதைச் செய்து பார்க்கலாம். எனினும் இந்த ஒரு வேறுபாடு கருவி, கைப்பழக்கம், பாதுகாப்பு ஆகிய அனைத்தையும் மாற்றிவிடுகிறது.

வரலாறு

உலோகத் தகட்டைச் சுத்தியலால் தட்டிக் குழித்துப் பாத்திரம் செய்வது மிகப் பழைய முறை. தமிழ்நாட்டில் கன்னார்கள் செம்பு, பித்தளைப் பாத்திரங்களை இவ்வாறு செய்துவந்தனர். தகட்டைச் சுழற்றி வடிக்கும் முறை ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் பெருந்தொழிலாக வளர்ந்தது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், பிரிட்டானியா உலோகம் எனப்படும் வெள்ளீயக் கலப்புலோகத்தால் ஆன பாத்திரங்கள் இம்முறையில் செய்யப்பட்டன.

இம்முறைக்கு மிகவும் இணங்கிவரும் உலோகம் அலுமினியம் ஆகும். இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழில் சென்னையில் தொடங்கியது. சென்னைக் கலைப் பள்ளியில் 1898ஆம் ஆண்டில் ஆல்பிரட் சாட்டர்டன் இம்முயற்சியைத் தொடங்கினார். 1903இல் அது இந்தியன் அலுமினியம் கம்பெனி என்ற தனியார் நிறுவனத்திடம் சென்றது.

தமிழ்நாட்டு மரக் கடைசலுடன் ஒப்பீடு

தாமிரபரணிக் கரையிலுள்ள அம்பாசமுத்திரம் மரக் கடைசலுக்குப் பெயர்பெற்ற ஊர். இங்கு செய்யப்படும் சொப்புச் சாமான்களுக்கு அரக்கால் வண்ணம் ஏற்றப்படுகிறது. சுழலும் மரத்தின் மீது வண்ண அரக்குக் குச்சி அழுத்தப்படும்போது, உராய்வு வெப்பத்தால் அரக்கு இளகி மரத்தின் மீது பரவுகிறது. கும்பகோணம் அருகிலுள்ள நரசிங்கப்பேட்டையில் ஆச்சா மரத்தைக் கடைந்து நாதசுவரம் செய்கின்றனர்.

இவ்விரு வேலைகளிலும் மரத்திற்கு வடிவம் தருவது சீவுதலே. ஆனால் அரக்கேற்றும் கட்டத்தில் கடைசல்காரர் எதையும் வெட்டுவதில்லை; சீராக அழுத்தி ஒரு பொருளைப் பரப்புகிறார். சுழற்றி வடித்தல் இந்தக் கைப்பழக்கத்திற்கே நெருக்கமானது. மரத்தில் பிழை நேர்ந்தால் இன்னும் சிறிது சீவி வடிவத்தை மாற்றிக்கொள்ளலாம். தகட்டில் அதற்கு வழியில்லை. ஓரிடத்தில் மெலிந்த தகடு மீண்டும் தடிமன் பெறாது.

கருவிகள்

* அச்சு: செய்ய வேண்டிய பொருளின் உட்புற வடிவில் கடையப்பட்ட கட்டை. புளி, கருவேலம் போன்ற கனமான மரங்கள் ஏற்றவை. இதைச் செய்வது முழுக்க மரக் கடைசல் வேலை என்பதால், மரக் கடைசல் அறிந்தவருக்கு இது எளிது.
* தாங்குகட்டை: தகட்டை அச்சின் முகத்தோடு சேர்த்து அழுத்திப் பிடிக்கும் சிறு கட்டை. இயந்திரத்தின் வால்பகுதியில் உள்ள சுழலும் முனை இதை அழுத்துகிறது.
* வடிகருவி: நீண்ட கைப்பிடியும், உருண்டு மெருகேறிய முனையும் கொண்ட எஃகுக் கம்பி. முனையில் கூர்மை இருக்கக் கூடாது.
* முளையுள்ள கருவித் தாங்கி: துளைகளில் மாற்றி மாற்றிச் செருகக்கூடிய முளை கொண்டது. வடிகருவி இம்முளையில் சாய்ந்து நெம்புகோலாக இயங்குகிறது. மர லேத்தின் வழக்கமான தாங்கியில் முளை இருப்பதில்லை.
* பின்தாங்கி: தகட்டின் விளிம்பு சுருங்கி மடியாதபடி பின்புறம் பிடிக்கும் மரக்கோல்.
* மசகு: மெழுகு அல்லது சோப்பு. இது இல்லாவிடில் கருவி முனை தகட்டைக் கீறிவிடும்.

தகட்டின் அளவு

தகட்டின் தடிமன் ஏறக்குறைய மாறாது எனக் கொண்டால், வட்டத் தகட்டின் பரப்பும் பாத்திரத்தின் பரப்பும் சமமாகும். அரைக்கோளக் கிண்ணத்திற்குத் தேவையான தகட்டின் விட்டம், கிண்ணத்தின் விட்டத்தைப் போல் 1.41 மடங்கு. 10 செ.மீ. விட்டமுள்ள கிண்ணத்திற்கு ஏறத்தாழ 14 செ.மீ. தகடு வேண்டும். தட்டையான அடியும் நேரான சுவரும் உள்ள குவளைக்கு, விட்டத்தின் வர்க்கத்தோடு, விட்டம், உயரம் ஆகியவற்றின் பெருக்கலின் நான்கு மடங்கைக் கூட்டி, வர்க்கமூலம் காண வேண்டும். 8 செ.மீ. விட்டமும் 5 செ.மீ. உயரமும் உள்ள குவளைக்கு இது சுமார் 15 செ.மீ. ஆகும்.

செயல்முறை

முதலில் அச்சை ஒட்டிய மையப் பகுதியைச் சிறிதளவு அழுத்தி, தகடு நழுவாதபடி அமர்த்துவர். பின்னர் மையத்திலிருந்து விளிம்பு நோக்கிப் பலமுறை கருவியை நகர்த்துவர். ஒரே திசையில் இழுத்துக்கொண்டே சென்றால் தகடு மெலியும்; ஆகவே இடையிடையே விளிம்பிலிருந்து உள்நோக்கியும் அழுத்துவர். விசை கையிலிருந்து மட்டும் வருவதில்லை. கைப்பிடியை அக்குளில் இடுக்கி, உடலின் எடையைச் சாய்த்து அழுத்துவதே முறை.

புதிதாகச் செய்வோருக்கு முதலில் எதிர்ப்படும் இடர் சுருக்கம் ஆகும். மேற்கூறிய கிண்ணத்தில் தகட்டு விளிம்பின் சுற்றளவு 44 செ.மீ. அளவிலிருந்து 31 செ.மீ. ஆகக் குறைய வேண்டும். இந்த 13 செ.மீ. உலோகம் தன்னுள்ளேயே நெருங்கி அடங்க வேண்டும். அவசரப்பட்டால் அது அடங்காமல் அலை அலையாக மடிந்துவிடும். விளிம்பைத் தட்டையாக விடாமல் புனல் போல் வளைவாக வைத்திருப்பதும், பின்தாங்கியைப் பயன்படுத்துவதும் இதைத் தடுக்கும். மடிப்பு ஆழமாகிவிட்டால் அதைச் சரிசெய்வது மிகக் கடினம்.

காய்ச்சி ஆற்றுதல்

உலோகத்தை வளைக்க வளைக்க அது இறுகும். இறுகிய தகட்டை மேலும் அழுத்தினால் கிழியும். ஆகவே நடுவில் அதைக் காய்ச்சி மீண்டும் இளக்க வேண்டும். செம்பை மங்கலான சிவப்பு நிறம் வரும் வரை காய்ச்சுவர். அலுமினியத்தில் இந்த அடையாளம் பயன்படாது. அது 660 பாகை செல்சியசில் உருகுகிறது; உருகுவதற்கு முன் கண்ணுக்குத் தெரியும்படி சிவப்பதில்லை. எனவே அதன் மீது சோப்பைத் தடவி, அது கரும்பழுப்பாக மாறும்போது வெப்பத்தை நிறுத்துவது பட்டறை வழக்கம்.

தொடக்கத்திற்கு 1 மி.மீ. அளவிலான மென்மையான அலுமினியத் தகடு ஏற்றது. எவர்சில்வர் விரைவில் இறுகுவதாலும் மிகுந்த விசை கோருவதாலும் சிறிய மர லேத்துக்குப் பொருந்தாது.

பாதுகாப்பு

20 செ.மீ. விட்டமுள்ள தகடு நிமிடத்திற்கு 1000 சுற்றுகள் சுழலும்போது, அதன் விளிம்பு மணிக்கு ஏறத்தாழ 38 கி.மீ. வேகத்தில் செல்கிறது. மெல்லிய அவ்விளிம்பு ஒரு வட்ட இரம்பத்திற்கு ஒப்பானது. தகடு தாங்குகட்டையின் அழுத்தத்தால் மட்டுமே பிடிக்கப்பட்டிருப்பதால், அழுத்தம் தளர்ந்தால் வெளியே பாயக்கூடும். எனவே பின்வருவன கடைப்பிடிக்கப்படுகின்றன.

* விளிம்பின் பிசிறுகளை முன்னரே அரத்தால் நீக்குதல்.
* இயந்திரத்தை நிறுத்திய நிலையிலேயே தகட்டை மையப்படுத்துதல். ஓடும்போது மையப்படுத்துவது தேர்ந்தவர்களுக்கே உரியது.
* தகடு சுழலும் தளத்திற்கு நேராக நில்லாதிருத்தல்.
* முகக் கவசம் அணிதல். கையுறை, துண்டு, தளர்ந்த உடை ஆகியவற்றைத் தவிர்த்தல்.
* மரம் கடையும் கூரிய உளியைத் தகட்டின் மீது பயன்படுத்தாதிருத்தல்.

பயன்களும் வரம்புகளும்

சமையல் பாத்திரங்கள், விளக்கு மூடிகள், ஊதுகொம்புகளின் வாய்ப்பகுதி முதலியன இம்முறையில் செய்யப்படுகின்றன. ஆழ்கடல் மூழ்காளர்கள் அணிந்த பழைய செப்புத் தலைக்கவசங்களின் குவிந்த பகுதியும் சுழற்றி வடிக்கப்பட்டதே. தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தோர் இத்தகைய கவசமின்றி, கல்லைத் துணையாகக் கொண்டு மூச்சடக்கியே இறங்கிவந்தனர். அங்கு பெரிய அளவிலான முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டுடன் நின்றது.

வாய் குறுகி வயிறு பருத்த பொருளை ஒற்றைக் கட்டை அச்சிலிருந்து கழற்ற இயலாது. அதற்குப் பல துண்டுகளாகப் பிரியும் அச்சு வேண்டும். அல்லது பாத்திரத்தை இரு பகுதிகளாகச் செய்து ஒட்ட வேண்டும். குடங்களின் வயிற்றுப் பகுதியில் காணப்படும் இணைப்புக் கோடு இவ்வாறு ஒட்டியதன் அடையாளம் ஆகும்.

ஒரே பொருளை ஆயிரக்கணக்கில் செய்ய அழுத்து இயந்திரங்கள் மலிவானவை. ஆனால் அவற்றுக்கு விலையுயர்ந்த எஃகு அச்சுகள் தேவை. ஒன்றிரண்டு பொருட்கள் மட்டும் வேண்டுவோருக்கு ஒரு மரக்கட்டையும் ஒரு தகடும் போதும் என்பதே சுழற்றி வடித்தலின் சிறப்பாகும்.