மலை சுற்றும் மிதிவண்டி: ஓட்டுபவரும் வீட்டாரும் அறிய வேண்டியவை

"மாரடைப்பு வந்த பிறகு மிதிவண்டி ஓட்டலாமா?" எங்கள் புறநோயாளர் பிரிவில் நோயாளர் இக்கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள், உடன் வந்திருக்கும் மனைவியோ மகனோ, "வேண்டாம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள், டாக்டர்" என்று முந்திக்கொள்வதுண்டு. அவர்களுடைய அச்சம் இதயத்தைப் பற்றியது மட்டுமன்று, சாலையைப் பற்றியதுமாகும். இவ்விரண்டையும் தனித்தனியே பார்த்தால்தான் சரியான விடை கிடைக்கும்.

முதலில் இதயம். மாரடைப்பிலிருந்து மீண்டவர்களில் பெரும்பாலோர் மீண்டும் மிதிவண்டி ஓட்டலாம். எப்போது என்பது இதயத் தசை எந்த அளவு பாதிக்கப்பட்டது, எக்கோ பரிசோதனையில் இதயத்தின் இறைக்கும் திறன் எவ்வளவு, அடைப்பு நீக்கப்பட்டதா என்பனவற்றைப் பொறுத்தது. பைபாஸ் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இன்னொரு தடையும் உண்டு. பிளந்து கம்பியால் கட்டப்பட்ட நெஞ்செலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரங்களேனும் ஆகும். ஹேண்டில்பாரில் ஊன்றும் எடையும், குழியில் இறங்கும் அதிர்ச்சியும் நேராக அந்த எலும்பில்தான் சென்று சேர்கின்றன. எனவே அவர்களைப் பொதுவாக மூன்று மாதங்கள் வரை சாலையில் ஓட்ட வேண்டாம் என்கிறோம், நடப்பதற்குத் தடையில்லை. தொடங்கிய பின் வேகத்தை அளக்க எளிய வழி ஒன்று உண்டு: ஓட்டிக்கொண்டே பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பேச்சு துண்டுதுண்டாக வருமானால் வேகம் மிகுதி. நெஞ்சில் இறுக்கம், இடது கையிலோ தாடையிலோ வலி, வழக்கத்திற்கு மாறான வியர்வை ஆகியவற்றில் எது தோன்றினாலும் இறங்கி அமர்ந்துவிட வேண்டும். "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று மிதித்து வந்து சேர்ந்தவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். அந்த இரண்டு கிலோமீட்டர் அவர்களுக்கு நன்மை செய்யவில்லை.

நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து வேறு வகையானது. இன்சுலின், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு ஆகியவற்றைப் பயன்படுத்துவோர்க்கு ஓட்டும்போது சர்க்கரை தாழக்கூடும். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இது அரிது. புறப்படும் முன் அளந்து பாருங்கள். 100 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் இரண்டு இட்லியோ ஒரு வாழைப்பழமோ உண்ட பின்பே வண்டியை எடுங்கள். தொடையில் இன்சுலின் போட்டுக்கொண்டு உடனே மிதித்தால், உழைக்கும் தசை அதனை விரைவாக உறிஞ்சிக்கொள்ளும். அன்றைக்கு வயிற்றில் போட்டுக்கொள்வது நன்று. கை நடுக்கம், படபடப்பு, வியர்வை தோன்றினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் நிழலில் அமர வேண்டும். இரத்த அழுத்தத்திற்காக அட்டெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரைகள் உட்கொள்வோர்க்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம். வியர்வை மட்டுமே எச்சரிக்கை. நீண்ட தூரம் ஓட்டிய நாளின் இரவிலும் சர்க்கரை தாழலாம் என்பதை வீட்டார் அறிந்திருக்க வேண்டும்.

இனி சாலை. தனியே ஓட்டுவதைவிடக் குழுவாக ஓட்டுவதையே நாங்கள் பரிந்துரைக்கிறோம். நல்ல மிதிவண்டிக் குழுவின் ஒழுங்கு, பார்ப்பவர்க்கு விளங்காத அளவு நுட்பமானது. முன்னால் செல்பவர் வழியைப் பார்க்கிறார். குழி, கண்ணாடித்துண்டு, நாய் எதுவாயினும் கையைக் காட்டிக் குரல் கொடுக்கிறார். அக்குரல் பின்வரிசை வரை செல்கிறது. அனுபவம் மிக்க ஒருவர் கடைசியில் வருகிறார். அவருக்குப் பின்னால் யாரும் விடுபடுவதில்லை. யார் மெதுவாக மிதிக்கிறாரோ அவருடைய வேகமே குழுவின் வேகம். பஞ்சர் ஆனால் அனைவரும் நிற்பார்கள். ஒருவருக்கு நீரிழிவு என்றால் உடன் வருபவர் சட்டைப்பையில் சர்க்கரை இருக்கும். நோயாளர்க்கு இதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு வேறென்ன வேண்டும்?

குழுவில் சேர்ந்தால் பந்தயம் போல் ஓட்ட வேண்டியிருக்குமோ என்று தயங்குவோர் உளர். நெடுந்தூர ஓட்டத்திற்குப் புகழ் பெற்ற 'பிரெவே' முறையையே எடுத்துக்கொள்வோம். பிரான்சில் தோன்றி இன்று சென்னை உள்ளிட்ட இந்திய நகரங்களிலும் நடைபெறும் இவ்வோட்டத்தில் 200 கிலோமீட்டரைக் கடக்க 13 மணி 30 நிமிடம் தரப்படுகிறது. கணக்கிட்டால் மணிக்கு 15 கிலோமீட்டர்கூட ஆகவில்லை. முதலில் வந்தவர்க்குத் தனிப் பரிசும் இல்லை. ஆனால் தலைக்கவசம் இல்லாதவரை ஓட விடமாட்டார்கள். இரவில் முன் விளக்கு, பின் விளக்கு, ஒளிரும் மேற்சட்டை மூன்றும் கட்டாயம்.

ஐம்பது வயதில் புதிதாகக் கற்றுக்கொள்ள வெட்கப்படும் பெண்களுக்கு ஒரு செய்தி. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கம், எழுத்தறிவோடு மிதிவண்டியையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்றுத் தந்தது. அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான கிராமப்புறப் பெண்கள், பெரும்பாலும் ஆண்கள் ஓட்டும் குறுக்குக் கம்பி வைத்த பெரிய வண்டிகளிலேயே பழகினார்கள். கூட்டமாகக் கற்றதால்தான் கேலிப் பேச்சை அவர்களால் பொருட்படுத்தாதிருக்க முடிந்தது என்று நாங்கள் கருதுகிறோம்.

நம் ஊரின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை, விடியலில் ஓட்டுவதற்கு உகந்த வழி. ஆயினும் அதற்கென்று தனிச் சிக்கல் ஒன்று உண்டு. மலை வலப்புறம் இருக்க, சாலையின் இடப்பக்கமாகவே நடப்பது கிரிவல மரபு. மிதிவண்டி ஓட்டுபவரும் சட்டப்படி இடப்பக்கமே வர வேண்டும். ஆகவே அதே திசையில் சுற்றும்போது நடப்பவர்களின் முதுகுதான் நமக்குத் தெரிகிறது. அவர்களுக்கு நாம் தெரிவதில்லை. பலர் வெறுங்காலில், நாமம் சொல்லியபடி, வேறெதிலும் கவனமின்றி நடக்கிறார்கள். தொலைவிலேயே பெல் அடித்து, நடைவேகத்திற்குக் குறைத்துக் கடந்து செல்லுங்கள். பௌர்ணமி நாளிலும் கார்த்திகைத் தீபத்தின்போதும் வண்டியை வீட்டிலேயே விட்டுவிடலாம்.

செங்கம் சாலை, வேலூர் சாலை போன்ற நெடுஞ்சாலைகளில் அச்சம் நியாயமானதே. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. ஓட்டுநர் உங்களைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்கே ஒன்று முதல் ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் வாகனம் 25 மீட்டர் வரை வந்துவிடும். நிற்பதற்கான தூரம் அதற்கு மேல். ஆதலால் உங்கள் பிரேக்கைவிட, அவர் உங்களை எவ்வளவு தொலைவில் காண்கிறார் என்பதே உயிரைக் காப்பது. பின்புறம் சிவப்பு ரிஃப்ளெக்டரும், பெடலில் ஒளிரும் பட்டையும் ஒட்டுவதற்கு அதிகச் செலவாகாது. பெடல் மேலும் கீழும் அசைவதால், அங்கே செல்வது மிதிவண்டி என்பதை ஓட்டுநர் உடனே உணர்வார். லாரியோ பேருந்தோ இடப்பக்கம் திரும்பக் காத்திருக்கும்போது அதன் இடப்புறமாக நுழையாதீர்கள். அங்கே நிற்பவரை ஓட்டுநரின் கண்ணாடி பெரும்பாலும் காட்டாது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். எங்கள் வார்டுக்கு அடிபட்டு வரும் மிதிவண்டியோட்டிகள் பெரும்பாலும் தலைக்கவசம் அணிந்த குழுவினர் அல்லர். விளக்கில்லாத வண்டியில் பால் கேன் ஏற்றி வருபவர், வயலிலிருந்து இருட்டியபின் திரும்புபவர், டியூஷன் முடிந்து வரும் பள்ளிப் பிள்ளைகள் இவர்களே. மோட்டார் வாகனச் சட்டம் மிதிவண்டிக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கவில்லை. மண்டையோடு சட்டம் பார்த்து உடைவதில்லை. 1999இல் வெளிவந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, தலைக்கவசம் தலைக்காயத்தையும் மூளைக்காயத்தையும் 63 முதல் 88 விழுக்காடு வரை குறைக்கிறது என்றது. பின்னர் வந்த கணிப்புகளில் இவ்வெண் குறைந்தபோதும் பயன் உண்டு என்ற முடிவு மாறவில்லை.

பெற்றோர்க்கு இரண்டு காயங்களைக் குறிப்பாகச் சொல்ல விரும்புகிறோம். பின் கேரியரில் அமர்ந்து வரும் குழந்தையின் கால் சக்கரக் கம்பிகளுக்குள் சிக்குவது முதலாவது. அன்று சிராய்ப்புப் போல் தோன்றும் குதிகால் தோல், நசுங்கியதனால் சில நாள்களில் கறுத்து உயிரிழந்துவிடுவதுண்டு. அதனைச் சிறு காயம் என்று கருதி மஞ்சள் பூசிக் காத்திருக்க வேண்டாம். இரண்டாவது, விழும்போது ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்துவது. ரப்பர் பிடி தேய்ந்து இரும்புக் குழாய் வெளியே தெரியும் வண்டிகளில் இது கொடியது. வயிற்றில் நாணயம் அளவு வட்டத் தழும்பு மட்டுமே இருக்கும். குழந்தை எழுந்து விளையாடவும் செய்யும். ஆனால் உள்ளே கணையம் முதுகெலும்போடு அழுந்திக் கிழிந்திருக்கலாம். கல்லீரலோ மண்ணீரலோ கசிந்துகொண்டிருக்கலாம். வலியும் வாந்தியும் சில மணி நேரம் கழித்தோ மறுநாளோ தொடங்கும். அந்த வட்டத் தழும்பைக் கண்டால் வலி வரும்வரை காத்திராமல் அழைத்து வாருங்கள். தேய்ந்த பிடியை இன்றே மாற்றுங்கள்.

தலையில் அடிபட்டவர் நன்றாகப் பேசுகிறார் என்பதனால் நிம்மதி அடைய இயலாது. மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் இடையே இரத்தம் கசியும்போது, முதலில் தெளிவாக இருந்தவர் சில மணி நேரத்தில் மயங்கக்கூடும். கூடிக்கொண்டே போகும் தலைவலி, மீண்டும் மீண்டும் வாந்தி, அளவு கடந்த தூக்கம், காதிலோ மூக்கிலோ நீர் வடிதல், வலிப்பு ஆகியவற்றில் எதுவும் வீட்டில் வைத்துப் பார்க்கத்தக்கதன்று. இதயத்திற்காக வார்ஃபரின், குளோபிடோகிரல் முதலிய இரத்தம் உறையாமைக்கான மாத்திரை எடுப்பவர் தலையில் அடிபட்டால், அறிகுறி இல்லாவிடினும் வர வேண்டும். மாத்திரை அட்டையையும் கொண்டு வாருங்கள்.

விபத்து நடந்த இடத்தில் நம் மக்கள் அன்போடு செய்யும் முதற்காரியம், விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்துச் சோடா கொடுப்பது. கழுத்தெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலே கைகால்களைச் செயலிழக்கச் செய்துவிடலாம். அரை மயக்கத்தில் குடித்த சோடா நுரையீரலுக்குள் செல்லும். அசைக்காமல் வைத்து, இரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, 108ஐ அழையுங்கள். போலீஸ் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்ற தயக்கம் வேண்டாம். 2019ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத் திருத்தம், உதவியவரைப் பாதுகாக்கிறது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்தவும் இயலாது. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்கீழ், தமிழ்நாட்டில் சாலை விபத்தில் காயமுற்றவர்க்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்துள்ள மருத்துவமனைகளில் கட்டணமின்றிக் கிடைக்கிறது.

மீண்டும் ஓட்ட விரும்பும் நோயாளர்கள் அடுத்த முறை வரும்போது, எவ்வளவு தூரம், எந்நேரத்தில், எந்தச் சாலையில் ஓட்ட எண்ணுகிறீர்கள் என்பதைக் குறித்துக்கொண்டு வாருங்கள். சர்க்கரை அளந்த குறிப்பேடும், கடைசியாக எடுத்த எக்கோ அறிக்கையும் உடன் இருக்கட்டும். "வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்" என்னும் மனைவியையும் தவறாமல் அழைத்து வாருங்கள். அவருடைய கேள்விகளுக்கும் நாங்கள் விடை சொல்ல வேண்டியிருக்கிறது.