உத்திரமேரூரில் என்ன நடந்தது?

போன வாரம் வகுப்பறையில் நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தோம். விட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளட்டும். இந்த வாரம் வரைபடம் என்று சொல்லியிருந்தேன். உத்திரமேரூர் குறுக்கே வந்துவிட்டது.

ஓலையில் பெயர் எழுதிக் குடத்திலிட்டு ஊர் வாரியத்துக்கு (நிர்வாகக் குழுவுக்கு) ஆள் தேர்ந்தெடுத்த குடவோலை முறை இல்லாத சமூக அறிவியல் புத்தகம் உண்டா? ‘சோழர் காலத்திலேயே தேர்தல்’ என்று ஆசிரியர் நெஞ்சு நிமிர்த்துவார், பிள்ளைகள் ஐந்து மதிப்பெண் வினாவாக உருப்போடுவார்கள். அத்தோடு சரி. ஆனால் உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இருப்பது ஒரு விதித்தொகுப்பு அல்ல, இரண்டு! முதலாம் பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 919) ஒன்று, 14ஆம் ஆண்டில் (921) இன்னொன்று. இரண்டே வருடத்தில் விதியைத் திருத்தி மறுபடி கல்லில் வெட்டியிருக்கிறார்கள்.

பாடம் இங்கேதான் இருக்கிறது. இரண்டின் சாரத்தையும் எளிய தமிழில் இரண்டு தாள்களில் எழுதி, குழுக்களுக்குக் கொடுங்கள். கேள்வி ஒன்றே ஒன்று: நடுவில் ஊரில் என்ன நடந்திருக்கும்? நோட்ஸில் விடை கிடைக்காது.

வயது வரம்பு முதலில் 30 முதல் 60 வரை. அடுத்ததில் 35 முதல் 70. இளவட்டங்கள் ஏதோ கலாட்டா செய்தார்கள் என்று ஒரு குழு நிச்சயம் சொல்லும். சொல்லட்டும், ஆதாரம் கேளுங்கள். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை, மாமன் மக்கள், மாமனார், மைத்துனன், மருமகன் என்று உறவுமுறை முழுக்கத் தடை. அதைக் கரும்பலகையில் வம்சவரைபடமாக வரையச் சொன்னால் பலகை போதாது. கழுதை ஏறியவருக்கும் இடமில்லை. “கழுதை ஏறினா என்ன சார் தப்பு?” என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வரும். தண்டனையாகக் கழுதைமேல் ஏற்றப்பட்டவர் என்று அறிஞர்கள் பொருள் கொள்கிறார்கள். அதையும் பிள்ளைகளே ஊகிக்கட்டும், உடனே சொல்லிவிடாதீர்கள்.

இந்த வாரம் என் தூக்கத்தைக் கெடுத்தது வேறு விதி. குடத்துக்குள் என்ன இருக்கிறதென்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். வாங்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். அவர் வாசித்ததை அங்கிருக்கும் பூசாரிகளான நம்பிமார் எல்லோரும் வாசிக்க வேண்டும். விரலிடுக்கில் ஓலையை மாற்றும் வித்தை தெரிந்த ஆள் ஊரில் இருந்தாரோ? விதியின் நுணுக்கம் அப்படித்தான் எண்ண வைக்கிறது.

கடைசிப் பத்து நிமிடத்தில் எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லித் தகுதிகளைப் படியுங்கள். பெண்கள் உட்காரட்டும். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் படிப்பு இல்லாதவர்களும் உட்காரட்டும். இது ஒரு பிராமணச் சபையின் ஏற்பாடு. இதை இன்றைய மக்களாட்சிக்கு முன்னோடி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது பிள்ளைகளை ஏமாற்றுவது.

ஆசிரியர்களே, குடவோலையை வகுப்பில் நடித்துப் பார்ப்பதானால், ஓலை எடுக்க ஆறாம் வகுப்பிலிருந்து ஒரு பொடியனைக் கூப்பிடுங்கள். உங்கள் வகுப்பு கண்டுபிடித்த காரணங்களை எனக்கு எழுதுங்கள். வரைபடம் அடுத்த வாரம், கட்டாயம்.