உழவர்க்கு உற்ற துணை

தாம்பரத்தைச் சூழ்ந்த ஊர்களில் ஏரிகள் பல இன்றும் உள. அவை நீர் பாய்ச்சிய கழனிகளோ பெரும்பாலும் வீட்டுமனைகள் ஆயின. எஞ்சிய நிலத்தில் நெல்லும் கீரையும் விளைப்போர், பயிர் நோயுற்றால் யாரை வினவுவர்?

1952-ஆம் ஆண்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தோன்றியது. கிராம சேவகர் ஊர்தோறும் சென்று, வரப்பில் நின்று, இலையைக் கண்டு மருந்து கூறினார். 1960-களில் திருச்சி வானொலியும் இப்பணியில் சேர்ந்தது. அது பரப்பிய ஆடுதுறை 27 என்னும் நெல்லைத் தஞ்சை உழவர் ‘ரேடியோ நெல்’ என்றே அழைத்தனர்!

காலப்போக்கில் பணியாளர் குறைந்தனர். அவர்தம் மேசைமேல் மானியப் படிவங்கள் பெருகின. 2003-ஆம் ஆண்டின் நாடு தழுவிய கணக்கெடுப்பில், அரசுப் பணியாளரிடம் வேளாண் செய்தி பெற்ற உழவர் குடும்பங்கள் 100-க்கு 6 அளவே. ஏறத்தாழ 13 குடும்பங்கள் விதையும் உரமும் விற்போரை நாடின. 17 குடும்பங்கள் முன்னோடி உழவரைக் கேட்டன. விற்போர் தம் கடையில் உள்ள மருந்தையே புகழ்வர் அன்றோ? அயல் வயலின் விளைவைக் கண்ணாற் கண்டு கேட்பதே மேல்.

2004-இல் உழவர் அழைப்பு மையம் தொடங்கப்பெற்றது. 1800 180 1551 என்னும் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே வினவலாம். ஆயினும், சொல்லக் கேட்பவர்க்கு இலையின் நிறம் புலப்படாது. நோய் இன்னதெனத் தெளியாதபோது, காட்டாங்கொளத்தூரை அடுத்த காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திற்குச் செடியையே கொண்டு செல்லுதல் நலம். வேர்மண் உதிராவண்ணம் அகழ்ந்தெடுத்துக் கொண்டு செல்லுதல் வேண்டும்.