தொழிலாளியின் கைகளைக் காப்போம்

வேளாண்மையில் வேலை குறையும் மாதங்களில் நம் கிராமத்து இளைஞர் பலர் நகரங்களிலுள்ள வார்ப்படச் சாலைகளையும் தகட்டுப் பட்டறைகளையும் நாடிச் செல்கின்றனர். கோவையின் பம்புத் தொழில் வளர்ந்தது இத்தகைய கைகளின் உழைப்பினாலன்றோ! அவர்கள் ஊர் திரும்பும்போது கூலியோடு குறைவற்ற கைகளையும் கொண்டுவருதல் வேண்டும்.

பட்டறை விபத்து என்றவுடன் சுழலும் இயந்திரமே நம் நினைவுக்கு வருகிறது. ஆயினும், பொருள்களைத் தூக்குவதிலும் அடுக்குவதிலும் விளையும் காயங்களும் பலவாகும். வெட்டிய தகட்டின் விளிம்பில் நிற்கும் பிசிறு கத்தியைப் போன்றது. உள்ளங்கையில் தசைநாண்களும் நரம்புகளும் தோலுக்கு மிக அருகில் அமைந்திருப்பதால், சிறு வெட்டும் விரலை மடக்க முடியாமற் செய்துவிடக் கூடும்.

தடுக்கும் வழிகள் எளியவை. விளிம்பை அரத்தால் தேய்த்து, எண்ணெய்ப் பசையைத் துடைத்த பின்னரே தகட்டைத் தூக்க வேண்டும். நழுவும் தகட்டைப் பிடிக்க முயலாது விலகி நிற்க வேண்டும். சுமையை இறக்குமிடத்தில் முன்னரே மரக்கட்டைகளை இட்டுவைத்தால் விரல்கள் அடியில் நசுங்கமாட்டா. இருவர் தூக்கினால் ஒருவரே குரல் கொடுத்தல் நலம். தகட்டைக் கையாளத் தடித்த கையுறை தேவை. ஆனால் துளையிடும் இயந்திரத்தினருகில் அதே கையுறை சிக்கிக் கையையே உள்ளிழுத்துவிடும். அங்கு மோதிரமும் ஆகாது.

காயத்தின்மீது காப்பித் தூளோ சுண்ணாம்போ அப்புதல் தவறு. தூய நீரில் கழுவி, தூய துணியால் அழுத்தி, கையை உயர்த்திப் பிடித்தவாறு மருத்துவரிடம் செல்ல வேண்டும். ரண ஜன்னித் தடுப்பூசி தேவையா என்பதையும் கேட்டறிய வேண்டும். விரல் துண்டிக்கப்பட்டால், அதனை ஈரத் துணியில் சுற்றி, நீர் புகாத பையிலிட்டு, அப்பையைப் பனிக்கட்டி நீரில் வைத்து விரைந்து கொண்டு செல்ல வேண்டும். பனிக்கட்டி விரலை நேரே தொடலாகாது.

கோவையில் 1955-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டம், பதிவு பெற்ற தொழிலாளர்க்கு மருத்துவமும், வேலை செய்ய இயலாத நாள்களுக்கு உதவித் தொகையும் அளிக்கிறது. எனவே, வேலையிற் சேரும் நாளிலேயே தம் பெயர் பதிவாயிற்றா என ஒவ்வொருவரும் கேட்டறிதல் வேண்டும். சிறு காயமாயினும் மேற்பார்வையாளரிடம் கூறிக் குறிக்கச் செய்தல் வேண்டும். இவற்றை ஊரிலுள்ள பெரியோர், புறப்படும் இளைஞர்க்கு எடுத்துரைப்பாராக!