மடையை மாற்றிவிட்டு வரப்பை வெட்டுங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, லேப்டாப்ப ஆன் பண்ணா கறுப்பா நிக்குது. என்னமோ எரர்னு போட்டுருக்கு. விண்டோசே வரல." வாடிப்பட்டியில் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். திரையின் இடது மூலையில், 'அப்படி ஒரு பார்ட்டிஷன் இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதற்குக் கீழே 'கிரப் ரெஸ்க்யூ' என்று எழுதி, பக்கத்தில் ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.

அவளுடைய அண்ணனுக்குப் பிளஸ் டூ படிக்கும்போது பள்ளியில் கொடுத்த மடிக்கணினி அது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனம் வழியாக 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் தமிழக மாணவர்களுக்குப் போய்ச் சேர்ந்தன. அவற்றில் விண்டோசோடு பாஸ் லினக்சும் சேர்த்தே போட்டுக் கொடுத்தார்கள். பாஸ் என்பது 'பாரத் ஆப்பரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்'. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம், டெபியன் லினக்சை அடித்தளமாக வைத்து உருவாக்கியது. மெனு முதற்கொண்டு தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த வீட்டில் அதை யாரும் பயன்படுத்தியதில்லை. இடம் போதவில்லை என்று, விண்டோசுக்குள் இருந்தபடியே டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்து பாஸ் இருந்த பார்ட்டிஷனை அழித்திருக்கிறாள். அப்போது ஒன்றும் ஆகவில்லை. அணைத்துவிட்டு மறுபடி போட்டபோதுதான் இப்படி.

அவள் விண்டோசைத் தொடவே இல்லை. பிறகு ஏன் விண்டோஸ் வரவில்லை?

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்குவது சுலபம். பேரணையில் திறக்கிற தண்ணீர் பெரியாறு வாய்க்காலில் வந்து, மடை வழியாகத்தான் வயலுக்குள் பாய்கிறது. இரண்டு பேருடைய வயலுக்கும் ஒரே மடை, அந்த மடையைத் திறந்துவிடும் ஆள் குடியிருப்பது இரண்டாவது வயலில் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வயலை அப்படியே ஜேசிபி வைத்து நிரவிவிட்டால், முதல் வயலில் பயிர் பச்சையாக நின்றும் பயனில்லை. மடை திறக்க ஆளில்லை.

பழைய முறைக் கணினியில் அந்த மடை, ஹார்டு டிஸ்கின் முதல் செக்டர். மொத்தமே 512 பைட். இந்த அமைப்பு 1983-இல் பிசி டாஸ் 2.0 உடன் வந்தது. 512-இல் முதல் 446 பைட் தொடக்க நிரலுக்கு. அடுத்த 64 பைட்தான் பார்ட்டிஷன் அட்டவணை: 16 பைட் வீதம் நான்கே பதிவுகள். எந்த வயல் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், என்ன வகை என்கிற சிட்டா அது. கடைசி 2 பைட் முத்திரை. 320 ஜிபி டிஸ்கின் தலையெழுத்து இந்த அரை கிலோபைட்டில் அடங்கியிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்புத்தான்.

லினக்ஸைப் பதியும்போது கிரப் என்கிற தொடக்க நிரல் அந்த 446 பைட்டில் உட்கார்ந்துகொள்கிறது. அந்த இடம் அதற்குப் போதாது. ஆகவே தன் இரண்டாம் துண்டை, முதல் செக்டருக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே தரிசாகக் கிடக்கும் செக்டர்களில் வைக்கிறது. 'விண்டோசா, பாஸா?' என்று கேட்கும் பட்டியலும் மற்றக் கோப்புகளும் இருப்பது லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள். அதை அழித்த பிறகும் கிரப்பின் தலை மிச்சமிருக்கிறது, உடம்பு இல்லை. அது தன் உடம்பைத் தேடிப் போய், இல்லை என்று கண்டு, நின்றுவிட்டது. திரையில் நாங்கள் பார்த்த வரி அதுதான்.

விண்டோஸ் 7 டிவிடியைப் போட்டு, ரிப்பேர் வழியாகக் கமாண்ட் பிராம்ப்டுக்குப் போனோம். 'பூட்ரெக்' என்று அடித்து, ஓர் இடம் விட்டு, சாய்கோடு போட்டு 'ஃபிக்ஸ்எம்பிஆர்'. ஒரே வரி. அது அந்த 446 பைட்டை மட்டும் விண்டோசின் நிரலாக மாற்றி எழுதுகிறது, சிட்டாவைத் தொடுவதில்லை. அடுத்த முறை போட்டதும் விண்டோஸ் வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இதையே முதலில் செய்திருந்தால் இந்தப் பதற்றமே இல்லை. தொடக்கத்தை விண்டோசிடம் ஒப்படைத்து, ஒருமுறை அணைத்துப் போட்டு, நேராக விண்டோஸ் வருகிறதா என்று பார்த்துவிட வேண்டும். அதற்கப்புறம் லினக்ஸ் பார்ட்டிஷனை அழிக்கலாம். காலியான இடத்தை, அதற்கு இடப்பக்கம் ஒட்டியிருக்கும் பார்ட்டிஷனோடுதான் விண்டோஸ் சேர்க்கும். நடுவில் 'டி' டிரைவ் இருந்தால் 'சி'க்குப் போகாது.

இன்னொன்று. பார்ட்டிஷனை அழிப்பது பெரும்பாலும் சிட்டாவில் பெயர் அடிப்பதுதான். மண் அங்கேயேதான் கிடக்கும். தவறான கட்டத்தை அழித்துவிட்டால், அதன் மேல் எதையும் எழுதாமல் கையை எடுத்துவிடுங்கள். டெஸ்ட்டிஸ்க் என்கிற இலவச மென்பொருள் பழைய வரப்பைத் தேடிக் கண்டுபிடித்துத் திரும்பப் பதிவு போட்டுத் தரும், பெரும்பாலும். அதை நம்பி இறங்கக் கூடாது. படங்களையும் சான்றிதழ் நகல்களையும் முதலில் ஒரு பென்டிரைவில் எடுத்து வைத்துவிட வேண்டும்.

இப்போது வரும் கணினிகளில் கதை வேறு. யுஇஎஃப்ஐ என்கிற புதிய முறையில், மடைக்கென்றே தனியாக ஒரு சின்னப் பார்ட்டிஷன் உண்டு. அதில் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு ஃபோல்டர், உபுண்டுவுக்கு ஒரு ஃபோல்டர். யாரை முதலில் எழுப்புவது என்கிற வரிசை, மதர்போர்டின் நினைவகத்தில். லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தாலும் அந்த ஃபோல்டரும் வரிசையில் அதன் பெயரும் அப்படியே நிற்கும். பயாஸ் அமைப்புக்குள் போய் விண்டோசை முதலிடத்தில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது. பிட்லாக்கர் பூட்டு போட்ட கணினியாக இருந்தால் மட்டும், தொடங்கும் பாதையைத் தொடும் முன் அதன் 48 இலக்கச் சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பாதை மாறினால் அது சாவி கேட்கும். இல்லையென்றால் கோப்புகள் உள்ளேயே பூட்டிக்கிடக்கும்.

என்னைக் கேட்டால், பழைய கணினியில் எதை எடுப்பது என்பதையே மறுபடி யோசிக்க வேண்டும். விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. விண்டோசை எடுத்துவிட்டு, இன்றும் திருத்தங்கள் பெறும் லேசான லினக்ஸ் ஒன்றை வைத்துக்கொண்டால், வங்கி வேலையைக்கூடப் பயமில்லாமல் பார்க்கலாம். பழைய முறைக் கணினியில் அந்தத் திசையில் மடைச் சிக்கலும் கிடையாது. கிரப் தன் இடத்திலேயே இருக்கும். பட்டியலில் ஒரு வரி குறையும். அக்கா மகளிடம் இதைச் சொன்னேன். அவளுடைய தட்டச்சுப் பயிற்சி மென்பொருள் விண்டோசில்தான் ஓடுமாம். சரி என்று விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது அவள் ஒன்று சொன்னாள். எப்போதாவது தவறிப்போய் பாஸுக்குள் போய்வந்தால், அடுத்த முறை விண்டோசில் மணி அஞ்சரை மணி நேரம் பின்னால் காட்டுமாம். கடைக்காரர் செல் போய்விட்டது என்று மாற்றிக்கூடக் கொடுத்தாராம். செல்லில் கோளாறே இல்லை. இந்த மாதிரிக் கணினியில் லினக்ஸ் உள்கடிகாரத்தில் கிரீன்விச் நேரத்தை எழுதும். விண்டோஸ் அதையே நம்மூர் நேரம் என்று நினைத்துப் படிக்கும். நமக்கும் கிரீன்விச்சுக்கும் இடைவெளி ஐந்தரை மணி நேரம். திரையின் கீழ் மூலையில் மாலை 4.10 என்றிருந்தது. சுவர்க்கடிகாரத்திலும் அதே 4.10.